பியாத்ரிஸ் இன்னும் தயாராகவில்லை

ஹாங்கின் அறக்கட்டளையில் எந்தக் கூட்டமும் ஜெபத்தில்தான் தொடங்கும். ஜெபம் முடிந்தால் தேசிய கீதம். அது முடிந்தால் அறக்கட்டளையின் சொந்தப் பாட்டு. பிறகு சிறப்பு விருந்தினரை அறிமுகப்படுத்தப் போகிறவருக்கு ஓர் அறிமுகம், பிறகு பலகாரம். தின்று முடித்துக் கைகழுவி வந்து உட்கார்ந்தால் எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள நேரமாகிவிடும். இதற்கு நடுவில் யாராவது ஒருவர் 'மென்பொருள்' என்ற சொல்லைச் சொல்லிவிட்டால், அன்றைய கூட்டம் பயனுள்ளதாக அமைந்தது என்று குறிப்பில் எழுதிக்கொள்வார்கள்.

ஜோவெலின் அங்கே வேலைக்குச் சேர்ந்து அதுதான் முதல் மழைக்காலம். தலிசாயான் தீவில் மீன்பிடிக்கிறவரின் மகள். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அவள் பட்டம் வாங்கிய படத்தை அப்பா படகு இன்ஜினின் எண்ணெய் டின்னுக்கு மேலே மாட்டியிருந்தார். அவர் தினமும் தவறாமல் பார்க்கிற இடம் அது ஒன்றுதான். இலோயிலோ நகரத்தில் மகள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள் என்பதைத் தீவில் தெரியாதவர் இல்லை. என்ன வேலை என்பது மட்டும்தான் தெரியாது. சேர்ந்து மூன்று மாதம் வரை அது ஜோவெலினுக்கும் தெரியவில்லை.

ஹாங்கின் என்றால் காற்று. அந்தப் பெயரில் ஒரு நல்ல மென்பொருளை அறக்கட்டளை வைத்திருந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். வானிலை அலுவலகத்தின் அறிவிப்பை வாங்கி மீனவர்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்புவது அதன் வேலை. அதில் ஒரே ஒரு கோளாறு. தீவுகளை வரிசையில் நிறுத்தி அனுப்பும். முன்னால் இருக்கிற தீவில் எல்லாப் போனும் 'வந்து சேர்ந்தது' என்று பதில் சொன்னால்தான் அடுத்த தீவுக்குப் போகும். முதல் தீவில் ஒருவர் போனை அணைத்துவிட்டுத் தூங்கினாலோ, கடலில் தவறவிட்டாலோ, பின்னால் இருக்கிறவர்கள் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். தலிசாயான் வரிசையின் கடைசியில் இருந்தது.

ஜோவெலின் உட்கார்ந்து அதைச் சரிசெய்தாள். எல்லாத் தீவுக்கும் ஒரே நேரத்தில் போகும்படி எழுதினாள். பெரியவர்கள் பார்த்தார்கள், சோதித்தார்கள், பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள், சான்றிதழோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

"எப்ப சார் இது மீனவங்களுக்குப் போகும்?"

"அடுத்த வெர்ஷன்ல."

"அடுத்த வெர்ஷன் எப்ப?"

கர்த்தரின் இரண்டாம் வருகை எந்தக் கிழமை என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். 'ஒரு மெஷினையும் கைவிட மாட்டோம்' என்று அறக்கட்டளையின் சுவரில் எழுதியிருக்கும். எவ்வளவு பழைய கம்ப்யூட்டராக இருந்தாலும் ஹாங்கின் அதில் ஓட வேண்டும். புது வெர்ஷன் எல்லா வகை மெஷினிலும் ஓடினால்தான் வெளியே போகும். இதுவரைக்கும் கூட நல்ல எண்ணம் என்று விட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு வகை மெஷினைச் சேர்க்கும்போதும் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்து, பெயர் வைத்து, ஞானத்தந்தையோ ஞானத்தாயோ நியமித்து, முழுப்பன்றி வறுத்து விருந்து வைத்துவிட்டார்கள். ஞானப்பிள்ளையை யாராவது கைவிடுவார்களா? ஆகவே வெளியீட்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு மெஷினின் பெயரையும் வாசிப்பார்கள். அதன் ஞானப்பெற்றோர் எழுந்து 'தயார்' என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

செயலாளர் அட்டர்னி பெர்பெத்துவா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி வாசித்தார்.

"பெர்னார்டோ?"

"தயார்."

"ரெமெடியோஸ்?"

"தயார்."

"பியாத்ரிஸ்?"

தலைவர் எஞ்சினியர் வெனான்சியோ மெதுவாக எழுந்தார். பியாத்ரிஸின் ஞானத்தந்தை அவர்தான். இளவயதில் அந்த மெஷினில் ஹாங்கினை முதன்முதலாக ஓட்டிக்காட்டித்தான் அவர் பெயர் வாங்கினார்.

"பியாத்ரிஸ் இன்னும் தயாராகலை."

அறை முழுக்க ஒரு பெருமூச்சு. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவுக்காரியைப் பற்றிச் சொன்னதுபோல ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டாம் சுற்றுப் பலகாரம் வந்தது.

ஜோவெலின் கையைத் தூக்கினாள். "சார், பியாத்ரிஸுக்கு என்ன?"

"புது வெர்ஷனைப் பியாத்ரிஸ் தனக்குத்தானே கட்டிக்கணும், இந்தாய். அதுக்கு நாலஞ்சு நாள் பிடிக்கும். நடுவுல கரண்ட் போயிடுது. மறுபடியும் மொதல்லேருந்து." இளம்பெண்களை அந்தப் பக்கத்தில் 'இந்தாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வேற மெஷின்ல கட்டி அதுக்குள்ள போட்டா என்ன?"

அட்டர்னி பெர்பெத்துவா பேனாவைக் கீழே வைத்தார். "உன் பிள்ளைக்கு அடுத்த வீட்டுல போய் சோறு ஊட்டிட்டு வருவியா?"

"எனக்குப் பிள்ளை இல்ல, மேம்."

"அதான் புரியலை."

"சரி, பியாத்ரிஸ் மாதிரி இன்னும் எத்தனை மெஷின் இருக்கு?"

"பியாத்ரிஸ் மாதிரி உலகத்துலயே பியாத்ரிஸ் மட்டும்தான்," என்றார் எஞ்சினியர். குரலில் பெருமை வழிந்தது.

"அதை யாரு சார் உபயோகிக்கிறாங்க?"

சாவு வீட்டில் நிலப் பத்திரத்தைக் கேட்டதுபோல அறை அமைதியானது. எஞ்சினியர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். மூன்றடி தள்ளி இருந்தவர்களுக்குப் பேசவும் அவர் மைக் பிடிப்பது வழக்கம்.

"யாரு உபயோகிக்கிறாங்கன்னு கேக்கறது பெரிய கம்பெனிக்காரன் கேள்வி. அவனுக்கு லாபம் வேணும், கூட்டம் வேணும். நமக்கு ஒருத்தர் இருந்தாப் போதும். ஒருத்தர்கூட இல்லேன்னாலும் போதும். சொல்லப்போனா, ஒருத்தர்கூட இல்லாத இடத்துல செய்யறப்பதான் நம்ம சேவை சுத்தமான சேவை!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"அப்ப மீனவங்க?" என்றாள் ஜோவெலின்.

"அவங்ககிட்டதான் பழைய வெர்ஷன் இருக்கே. வேலை செய்யுதில்ல?"

"லேட்டா செய்யுது சார்."

"லேட்டானாலும் வருதில்ல? ஒண்ணுமே வராத இடத்துல இருக்கறவங்களை நெனைச்சுப் பாரு. படம் எடுக்கலாம், எல்லாரும் வாங்க."

அந்த வாரமே அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"உங்க எச்சரிக்கை வந்துச்சு, இந்தாய்."

"எப்ப தத்தாய்?"

"கரைக்கு வந்து, படகோட பக்கத்துல ஒடைஞ்ச மூங்கிலை அவுத்துப் போட்டு, ஈரத்துணி மாத்தி, கஞ்சி குடிச்சுக்கிட்டிருந்தேன். அப்ப வந்து 'கடலுக்குப் போகாதீர்'னு சொல்லிச்சு. நானும் சரி போகலைன்னுட்டேன்."

அவர் சிரித்தார். ஜோவெலின் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் பாதியில் நின்றது.

"மண்டோயோட படகு கவுந்துடுச்சு. ஆளு நீந்தி வந்துட்டான். ரெண்டு நாளா யார்கிட்டயும் பேச மாட்டேங்கறான்."

"கொஞ்ச நாளைக்குப் போகாதீங்க தத்தாய்."

"போகாம? மீனு வந்து கதவைத் தட்டுமா? நீதான் அங்க இருக்கியே, சீக்கிரம் அனுப்பச் சொல்லு. படிச்சவங்க சொன்னா கேப்பாங்க."

ஜோவெலின் சொன்னாள். மேஜையைத் தட்டிச் சொன்னாள். அறக்கட்டளைக்கு ஒரே மகிழ்ச்சி. இளைய தலைமுறைக்கு இவ்வளவு ஆர்வமா என்று உடனே 'விரைவு வெளியீட்டுக் குழு' ஒன்றை அமைத்தார்கள். குழுவின் முதல் வேலை தனக்கு ஒரு சின்னம் தேர்ந்தெடுப்பது. ஓடுகிற எருமையா, பறக்கிற மீனா என்று செப்டம்பரில் ஆரம்பித்த விவாதம், கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒலிக்கத் தொடங்கி எல்லாருக்கும் அது சலித்துப்போன பிறகுதான் முடிந்தது. மீன் வென்றது. ஆனால் சின்னமும் எல்லா மெஷினிலும் தெரிய வேண்டுமே. பியாத்ரிஸின் திரையில் வளைவுகள் சரியாக வராது. வாலை நீக்கினார்கள், செதிலை நீக்கினார்கள், கண்ணை நீக்கினார்கள். கடைசியில் ஒரு கோடு மிஞ்சியது.

"இது வெறும் கோடா இருக்கே," என்றாள் ஜோவெலின்.

"வேகமா போற மீனு வேற எப்படித் தெரியும்?" என்றார் அட்டர்னி.

இதற்கிடையில் பிளக்ஸ் பேனர் அச்சாகி வந்துவிட்டது. 'ஹாங்கின் புதிய வெர்ஷன்: வெற்றிகரமான வெளியீடு!' என்று போட்டு, எஞ்சினியர் வெனான்சியோவின் சிரித்த முகம் நடுவிலும், மற்றவர்கள் பதவி வரிசைப்படி சுற்றிலும். தேதி இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

"தேதி எங்க மேம்?"

"மார்க்கர்ல எழுதிக்கலாம். அதுக்காக பிளக்ஸ் லேட்டாகலாமா?"

அறக்கட்டளையில் சொன்ன நேரத்துக்கு வருவது பிளக்ஸ் ஒன்றுதான். அதில் ஒருநாளும் தவறு நேர்ந்ததில்லை.

ஜோவெலின் விடவில்லை. பியாத்ரிஸை நேரில் போய்ப் பார்க்கலாம் என்றாள். இந்த யோசனை இதுவரை யாருக்கும் தோன்றியிருக்கவில்லை, எல்லாருக்கும் பிடித்தது. ஒரே நிறத்தில் சட்டை தைத்துக்கொண்டு, வேனில் பிளக்ஸ் கட்டிக்கொண்டு, மலைப்பக்கம் இருக்கிற கன்னியர் மடத்துக்குப் போய் இறங்கினார்கள். அங்கேதான் பியாத்ரிஸ் இருந்தது.

மடத்தின் சமையலறையில் சிஸ்டர் ஃபெலிசா முழங்கை வரை மாவோடு நின்றார். மூலையில் பீரோ அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி உம்மென்று முனகிக்கொண்டிருந்தது. அதன் தலையில் ஈரத்துணி மூடிய பெரிய அலுமினியப் பாத்திரம்.

"பியாத்ரிஸ்!" என்றார் எஞ்சினியர். கண் கலங்கிவிட்டது.

"இதுக்குப் பேரு பியாத்ரிஸா? நாங்க அடுப்புன்னுதான் சொல்றோம்," என்றார் சிஸ்டர். "மேல எப்பவும் சூடா இருக்கும். மழைக்காலத்துல ரொட்டி மாவை வச்சா நல்லா உப்பி வரும்."

"இதுல கம்ப்யூட்டர் வேலை ஏதாவது செய்வீங்களா, சிஸ்டர்?" என்று கேட்டாள் ஜோவெலின்.

"அய்யய்யோ, தொடவே மாட்டோம். ஆனா கரண்ட் பில்லைப் பாத்தா மாவை விட மதர் உப்பிடறாங்க. எடுத்துக்கிட்டுப் போயிடுங்கன்னு எத்தனை தடவை உங்க ஆபீஸுக்குப் போன் போட்டேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் ஒரு மேம் எடுத்து 'எங்கள் ஆதரவு தொடரும்'னு சொல்லிட்டு வச்சிடறாங்க."

அட்டர்னி பெர்பெத்துவா அடக்கத்தோடு தலைகுனிந்தார்.

ஜோவெலின் சட்டென்று எஞ்சினியர் பக்கம் திரும்பினாள். "சார், கேட்டீங்கல்ல? அவங்களே வேண்டாங்கறாங்க."

"கேட்டேன்," என்றார் எஞ்சினியர். "நீ கேட்டியே, யாரு உபயோகிக்கிறாங்கன்னு. இதோ நிக்கிறாங்க! பயனாளர்! அட்டர்னி, எழுதிக்கோங்க. தினசரிப் பயன்பாடு. உணவு சார்ந்தது."

"நான் எடுத்துக்கிட்டுப் போங்கன்னு..." என்று ஆரம்பித்தார் சிஸ்டர்.

"பாத்தீங்களா, என்ன ஒரு தன்னடக்கம்!" என்றார் எஞ்சினியர்.

மாவுப் பாத்திரத்தை நடுவில் வைத்துப் படம் எடுத்தார்கள். சூடாக ரொட்டி கொடுத்தார் சிஸ்டர். ஜோவெலினும் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பங்குச் சாமியாரின் ஜெனரேட்டரை இரவல் வாங்கி மடத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். மின்சாரம் போனபோதும் பியாத்ரிஸ் நிற்காமல் முனகி, ஒருவழியாகப் புது வெர்ஷனைக் கட்டி முடித்தது. ஓடியது! அறக்கட்டளை வாசலில் பிளக்ஸைக் கட்டினார்கள். மார்க்கரை எடுத்து மூடியைத் திறந்தார்கள். பன்றிக்கு முன்பணம் கொடுத்தார்கள். ஜோவெலின் அப்பாவுக்குப் போன் போட்டு, "நாளைக்கு வந்துடும் தத்தாய்," என்றாள்.

அப்போதுதான் சிஸ்டர் ஃபெலிசாவின் போன் வந்தது. நன்றி சொல்லக் கூப்பிட்டிருந்தார். புதுசு போட்டதிலிருந்து பெட்டி சத்தமே போடுவதில்லை, சில்லென்று இருக்கிறது, இந்த மாதம் கரண்ட் பில் குறையும் என்றார். மாவு மட்டும் உப்பவில்லை, பரவாயில்லை, விறகடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம் என்றார்.

எஞ்சினியர் போனை வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தார்.

"மாவு உப்பலையாம்."

யாரோ ஒருவர் மார்க்கரை மூடினார்.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரமாகவில்லை. ஜோவெலின் எழுதியது வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டது. சீக்கிரம் முடித்ததால் பியாத்ரிஸ் சும்மா இருந்தது. சும்மா இருந்ததால் குளிர்ந்துவிட்டது. பழைய வெர்ஷனில் இருந்த ஒரு வசதி புது வெர்ஷனில் போய்விட்டது என்று அட்டர்னி பதிவு செய்தார். ரொட்டி மாவு அன்றிலிருந்து அதிகாரபூர்வ சோதனைகளில் ஒன்றாயிற்று.

"கொஞ்சம் வெட்டி வேலை சேத்து எழுது, இந்தாய்," என்றார் எஞ்சினியர் கனிவோடு. "மெஷின் சூடாகற மாதிரி. பயனாளருக்குக் கெடச்சிட்டிருந்த எதையும் நாம பிடுங்கக் கூடாது."

"சார், என் அப்பா கடல்ல இருக்காரு."

"எல்லாரும் ஏதோ ஒரு கடல்லதான் இருக்கோம்," என்றார் அவர். அதை உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். அதனால் அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

ஜோவெலின் அட்டர்னியின் மேஜைக்குப் போனாள்.

"மேம், ஹாங்கினை யார் வேணும்னாலும் எடுத்து, மாத்தி, குடுக்கலாம்னு லைசென்ஸ்ல இருக்கில்ல?"

"இருக்கு. அதுதானே நம்ம உயிர்மூச்சு!"

"இதுவரைக்கும் யாராவது அப்படி எடுத்திருக்காங்களா?"

"சேச்சே. அவ்வளவு மரியாதை கெட்டவங்க இந்த ஊர்ல யாரும் இல்ல."

அந்தச் சனிக்கிழமை ஜோவெலின் ஊருக்குப் படகேறினாள். தலிசாயானில் பெட்டிக்கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தான் திருத்திய ஹாங்கினைப் போனில் போட்டுக்கொடுக்கத் தன் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். ஒவ்வொருவராகப் போனை நீட்டினார்கள். சிலவற்றில் மீன் செதில் ஒட்டியிருந்தது. சிலவற்றின் திரை பெருவிரல் அளவுக்குத்தான் வேலை செய்தது. மண்டோய் வந்து ஒன்றும் பேசாமல் புதுப் போனை நீட்டினான். பழையது கடலில் போயிருந்தது.

"இதுக்குத் தீர்த்தம் தெளிக்க வேணாமா?" என்றார் அப்பா. மகள் சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் முறைகள் பழகியிருந்தன.

"வேணாம் தத்தாய். நனைஞ்சா கெட்டுப்போயிடும்."

பத்து நாள் போயிருக்கும். விடிந்ததும் படகுகளைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஏறி உட்கார்ந்துவிட்டார். இன்ஜின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். கரையில் இருந்த அத்தனை சட்டைப்பையும் ஒரே நேரத்தில் கத்தியது. நாய்கள் பயந்துபோய்க் குரைத்தன. வானம் அப்போது தெளிவாகத்தான் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்டோய்தான் முதலில் தன் படகைத் திருப்பி மேலே இழுத்தான். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இழுத்தார்கள். மதியத்துக்கு மேல் காற்று வந்து பெட்டிக்கடையின் கூரையையும் நாலைந்து தென்னையையும் கொண்டுபோயிற்று. ஒரு படகையும் தொடவில்லை. கூரை போன கடைக்குள் உட்கார்ந்து ஆண்கள் பாட்டுப் பெட்டியின் மைக்கில் காதல் பாட்டு பாடினார்கள். மண்டோய் மிக மோசமாகப் பாடினான். அவன் வாயைத் திறந்ததே போதும் என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

பக்கத்துத் தீவுக்காரர்களும் கேட்டு வந்து போட்டுக்கொண்டார்கள். செய்தி இலோயிலோவுக்கு எட்டியது. 'உடனே வரவும்' என்று அட்டர்னி கூப்பிட்டார். வேலை போனது என்று நினைத்து, ஜோவெலின் தன் காபிக் கோப்பையையும் மேஜைக்கடியில் இருந்த செருப்பையும் எடுத்து வர ஒரு பையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில் சாமியார் நின்றிருந்தார். கையில் தீர்த்தம். நடுவில் வாழையிலை மேல் முழுப்பன்றி, தோல் மினுமினுவென்று. சுவரில் புத்தம்புது பிளக்ஸ், அதில் எஞ்சினியருக்கு அடுத்தபடியாக அவளுடைய முகம். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த படம். திகைத்துப்போய் விழித்துக்கொண்டிருந்தாள் அதில்.

எஞ்சினியர் மைக்கைப் பிடித்தார்.

"நம்மளை விட்டு ஒருத்தர் மென்பொருளைத் தனியா பிரிச்சுக்கிட்டுப் போனா, பெரிய கம்பெனிக்காரன் கேஸ் போடுவான். நாம ஞானஸ்நானம் குடுப்போம்! இன்னியிலேருந்து அந்த ஹாங்கினுக்குப் பேரு தலிசாயான், அதுவும் நம்ம குடும்பம். அதுக்கு ஞானத்தாய் நம்ம இந்தாய்!"

கைதட்டினார்கள். தீர்த்தம் அவள் பைமீது தெறித்தது.

"அப்படின்னா என்ன அர்த்தம் சார்?"

"உன் தலிசாயான் தயாராகாம இனிமே எந்த வெர்ஷனும் வெளிய போகாது. அவ்வளவு பெரிய மரியாதை!"

"அது ஏற்கெனவே தயார் சார். ஓடிக்கிட்டிருக்கு. மூணு தீவுல ஓடிக்கிட்டிருக்கு."

"அப்படிச் சொல்லிட முடியுமா?" அவர் அன்போடு அவள் தோளைத் தட்டினார். "பியாத்ரிஸ்ல ஓடணுமில்ல?"

அட்டர்னி கண்ணாடியை இறக்கி வாசிக்க ஆரம்பித்தார். பெர்னார்டோ தயார். ரெமெடியோஸ் தயார்.

"தலிசாயான்?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ஜோவெலின் எழுந்தாள்.

"தயார்," என்றாள். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள்.

"பியாத்ரிஸ்?"

எஞ்சினியர் வெனான்சியோ மெதுவாக எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் தட்டுகள் வரத் தொடங்கின.

விழா முடிந்து, சுவரிலிருந்த பிளக்ஸை அவளுக்கே பரிசாகச் சுருட்டிக் கொடுத்தார்கள். கையிலிருந்த பையில் கொஞ்சம் பன்றித் தோலை வாங்கிப் போட்டுக்கொண்டாள். கோப்பையும் செருப்பும் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அறக்கட்டளை அவளை விடப் போவதில்லை. எதையுமே கைவிடாதவர்கள் அவர்கள்.

தலிசாயானில் அப்பா பிளக்ஸைக் கரையில் விரித்துப் பார்த்தார். படகுக்குமேல் போர்த்தினார், சரியாக இருந்தது. எடுத்துப் பன்றிக் கொட்டகை மேல் போட்டார், அதற்கும் சரியாக இருந்தது. கூரை போன பெட்டிக்கடைக்காரி வந்து எனக்கு ஒரு பக்கம் வெட்டிக் கொடு என்றாள். அப்பா விரலால் சுண்டிப் பார்த்தார்.

"நல்ல சாமான், இந்தாய். எது மேல போட்டாலும் ஒக்காருது. மழைக்கு முன்னாடியே வந்தும் சேந்துடுச்சு. உங்க ஆபீஸ்ல இதைச் செய்யறவரு யாரு?"

"அது ஆபீஸ் ஆளு இல்ல தத்தாய். தெருமுனைக் கடையில ஒருத்தர் அடிச்சுக் குடுக்கறாரு."

"அவரைத் தலைவராப் போடச் சொல்லு."

சட்டைப்பையில் போன் கத்தியது. கரை முழுக்கக் கத்தியது. அப்பா கடலை ஒரு தரம் பார்த்துவிட்டு, பிளக்ஸைப் படகின்மேல் இழுத்து, எஞ்சினியர் வெனான்சியோவின் சிரித்த முகத்துக்குக் குறுக்கே கயிற்றைப் போட்டு இறுக்கிக் கட்டினார்.